தோஃப் என்ற கைப்பறை எருசலேம் ஆலயத்துக்குள் ஏன் போகவில்லை?

சங்கீத வாசகி

எபிரேய வேதாகமத்தை இந்த முறை இசைக்கருவிகளுக்காக மட்டும் வாசித்து வருகிறேன். எந்தக் கருவி எங்கே வருகிறது, யார் கையில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டே போனதில் ஒரு கருவி மட்டும் மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. எபிரேயத்தில் அதன் பெயர் தோஃப், பன்மையில் துப்பீம். வட்டமான மரச்சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டி, ஒரு கையில் பிடித்து மறு கையால் அடிக்கும் சின்னப் பறை. தமிழ் வேதாகமத்தில் தம்புரு என்று வருவதைப் பார்த்துத் தந்தி வாத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம், இது தோல்கருவி.

செங்கடலைக் கடந்ததும் மோசேயின் சகோதரி மிரியாம் கையில் எடுப்பது இதைத்தான். போரில் ஜெயித்து வரும் யெப்தாவை எதிர்கொள்ள அவன் மகள் எடுத்து வருவதும் இதுதான். கோலியாத் விழுந்த பிறகு ஊர் ஊராகப் பெண்கள் இதை அடித்துக்கொண்டு வருகிறார்கள். இப்படி மக்களோடு கலந்து கிடந்த ஒரு கருவி, நாளாகமப் புத்தகங்களில் ஆலய இசை பற்றிய பகுதிகளுக்கு வந்ததும் காணாமல் போகிறது. தாவீது லேவியரை, அதாவது ஆலய ஊழியத்துக்கென்றே இருந்த குலத்தாரை, பாடகர்களாக நியமிக்கிறார், சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்கிறார், எசேக்கியா அதைச் சுத்திகரிக்கிறார், ஒவ்வொரு இடத்திலும் கின்னோர் என்ற சிறிய யாழ், நேவெல் என்ற பெரிய யாழ், கைத்தாளம், பூரிகை என்ற ஊதுகருவி, அவ்வளவுதான். தோஃப் கிடையாது.

இது தடை செய்யப்பட்டதா? பெண்களின் கருவி என்பதால் ஒதுக்கினார்களா? இல்லை, மிருகத் தோல் என்பதால் தீட்டா? இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். மிரியாம் படங்களில் சட்டத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன உலோக வட்டங்கள் கிலுகிலுக்கிற மாதிரி வரைகிறார்களே, அதற்கு ஆதாரம் உண்டா?

---

எபிரேய மாணவன்

நல்ல கேள்வி. தடை என்று ஒரு வசனமும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தோஃப் என்ற பெயர்ச்சொல் எபிரேய வேதாகமத்தில் 17 முறை வருகிறது. அவற்றை இரண்டு குவியலாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு குவியலில் தோஃப் மற்ற கருவிகளோடு கலந்து வரும். லாபான் யாக்கோபிடம் "சொல்லியிருந்தால் பாட்டோடும் தோஃபோடும் கின்னோரோடும் அனுப்பி வைத்திருப்பேனே" என்கிறான், ஏசாயா 5:12இல் திராட்சரசம் ஓடும் விருந்துகளில் அது ஒலிக்கிறது, யோபு 21:12இல் துன்மார்க்கர் வீட்டுக் கொண்டாட்டத்தில் வருகிறது. இங்கெல்லாம் வாசிப்பவர் ஆணா பெண்ணா என்று சொல்லியிருக்காது. இன்னொரு குவியலில் தோஃபும் நடனமும்தான் இருக்கும், யாழோ குழலோ இருக்காது, வாசிப்பவர்கள் பெண்கள் என்று வெளிப்படையாகவே இருக்கும். மிரியாம், யெப்தாவின் மகள், எரேமியா 31:4இல் வரும் "இஸ்ரவேல் கன்னிகை" எல்லாரும் இந்தப் பக்கம். சவுலையும் தாவீதையும் எதிர்கொண்ட பெண்களிடம் தோஃபோடு ஷாலிஷீம் என்று இன்னொரு கருவியும் இருந்தது, அது என்னவென்று ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை, ஆனால் காட்சி அதே காட்சிதான்.

இந்த நான்கு இடங்களையும் மூலமொழியில் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் எல்லாவற்றிலும் ஒரே வினை வருகிறது, யாட்ஸா, அதாவது புறப்பட்டு வெளியே வருதல். மிரியாமுக்குப் பின்னால் பெண்கள் எல்லாரும் "புறப்பட்டார்கள்", யெப்தாவின் மகள் வீட்டைவிட்டு "வெளியே வந்தாள்", இஸ்ரவேலின் எல்லாப் பட்டணங்களிலிருந்தும் பெண்கள் "புறப்பட்டு வந்தார்கள்", எரேமியாவின் கன்னிகை மறுபடியும் துப்பீமால் தன்னை அலங்கரித்துக்கொண்டு "புறப்படுவாள்". பறையை நகை மாதிரி அணிந்துகொண்டு கிளம்புவதாக எரேமியா சொல்கிறார், எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. என் கணிப்பு இதுதான்: பெண்கள் கையில் இருந்த தோஃப் வெளியே வரும் கருவி. திரும்பி வருகிறவனை வாசலிலும் வழியிலும் எதிர்கொள்வதற்கானது. ஆலயத்தின் உள்ளே நின்று, முறைவைத்து, பரம்பரை லேவிய ஆண்கள் செய்கிற ஊழியத்தில் அதற்கென்று ஓர் இடம் உருவாகவே இல்லை. ஒதுக்கினார்கள் என்பதைவிட, அதன் இடமே வேறு என்று சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்தப் பெண்களின் பாட்டைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்" என்று அவர்கள் தோஃப் அடித்துப் பாடியதிலிருந்துதான் சவுலுக்குத் தாவீதின்மேல் கண் விழுகிறது. அதோடு முடியவில்லை. பிறகு தாவீது பெலிஸ்தரின் காத் நகரத்துக்கு ஓடிப்போனால் அங்கே அரசன் ஆகீசின் ஆட்கள் அதே பாட்டைச் சொல்லி அவனை அடையாளம் காட்டுகிறார்கள் (1 சாமு. 21:11), பின்னால் பெலிஸ்தப் பிரபுக்கள் அவனைப் போருக்குச் சேர்க்க மறுக்கும்போதும் அதே வரி (29:5). ஒரு தெருப்பாட்டு எல்லை தாண்டி எதிரி நாட்டு அரண்மனை வரை போயிருக்கிறது!

---

மண்பாவை

தொல்லியல் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அந்தக் காலத்து தோஃப் ஒன்றுகூட நம் கையில் இல்லை. மரமும் தோலும் அந்த மண்ணில் தங்குவதில்லை. ஆனால் சுடுமண் உருவங்கள் நிறைய கிடைத்திருக்கின்றன, இரும்புக் காலத்தைச் சேர்ந்தவை, பெண் ஒருத்தி கையில் வட்டமான ஒன்றைப் பிடித்திருப்பாள்.

அவற்றில் இரண்டு வகை உண்டு, இந்த வித்தியாசம் முக்கியம். ஒன்று, அச்சில் அழுத்திச் செய்த தட்டையான பலகை உருவம். அதில் அந்த வட்டு மார்போடு ஒட்டிப் படுத்திருக்கும். அதைப் பறை என்பவர்களும் உண்டு, அப்பம் என்பவர்களும் உண்டு, சூரிய வட்டு என்பவர்களும் உண்டு. அப்படி நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் அடிக்கவே முடியாது என்பதால் சந்தேகம் நியாயமானதுதான். இரண்டாவது வகை, கீழ்ப்பகுதி மணி மாதிரி விரிந்த முழு உருவம். அதில் வட்டு உடம்புக்குச் செங்குத்தாக நிற்கும், ஒரு கை தாங்கியிருக்கும், மறு கை தோலின்மேல் விரிந்திருக்கும். அது பறை என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. கடற்கரையில் அக்சீப், ஷிக்மோனா போன்ற இடங்களில் கிடைத்தவை இந்த இரண்டாம் வகை. பினீசியக் கடற்கரை, சைப்ரஸ் என்று இந்த வகை பரவலாகக் கிடைக்கிறது. யூதாவுக்குள் பறையோடு இருக்கும் உருவங்கள் மிகக் குறைவு, அங்கே பெரும்பாலும் கைகளால் மார்பைத் தாங்கி நிற்கும் தூண் உருவங்கள்தான்.

வேதாகம ஆய்வாளர் கரோல் மேயர்ஸ் 1991இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இந்தப் பேச்சுக்கே வழி திறந்தது என்பேன். இந்த உருவங்களில் பறை பிடித்திருப்பவர்கள் பெண்கள் என்பதையும், அது நூலில் உள்ள பெண்கள் குழுவோடு பொருந்துவதையும் அவர் எடுத்துக்காட்டினார். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த படி. பல பெண்கள் சேர்ந்து பறை அடித்து, ஆடி, பாடுவதென்றால் அது அந்த நேரத்து உற்சாகத்தில் தானாக வந்துவிடாது. பழக்கம் வேண்டும், கூடிப் பயில வேண்டும், யாராவது ஒருத்தி முன்னின்று நடத்த வேண்டும். அப்படியென்றால் வேறு பொறுப்புகளில் பெண்களைக் காணாத ஒரு சமூகத்திலும் இந்த ஒரு கலையில் தேர்ச்சியும் மதிப்பும் உள்ள பெண்கள் இருந்திருக்கிறார்கள். மிரியாமை அந்த வசனம் தீர்க்கதரிசினி என்று சொல்லிவிட்டுத்தான் பறையை அவள் கையில் கொடுக்கிறது.

கிலுகிலுக்கும் வட்டங்கள் பற்றிக் கேட்டீர்கள். நான் மேலே சொன்ன எந்த உருவத்திலும் அது இல்லை. வெறும் சட்டமும் தோலும்தான். இன்றைய எபிரேயத்தில் உலோக வட்டங்கள் வைத்த கருவிக்கு "தோஃப் மிரியாம்" என்று பெயர் இருக்கிறது, ஆனால் அது இன்றைய பெயர், அதை மூவாயிரம் வருஷம் பின்னால் கொண்டுபோய் மிரியாம் கையில் வைக்கக் கூடாது.

---

தோல்கருவிக்காரன்

நான் சட்டப்பறை வகைக் கருவிகளை வாசிக்கிறவன், அதனால் கை சம்பந்தமாக மட்டும் சில வார்த்தை.

வாசிப்பவர் ஆடிக்கொண்டும் நடந்துகொண்டும் பாடிக்கொண்டும் வாசிக்கக்கூடிய தோல்கருவி என்றால் இதுதான். எடை கிடையாது, தோளில் மாட்ட வார் வேண்டாம், குச்சி வேண்டாம். நடுவில் உள்ளங்கையோ விரல்களோ பட்டால் தாழ்ந்த சத்தம், விளிம்பில் விரல் பட்டால் கூர்மையான சத்தம், இந்த இரண்டை வைத்தே ஒரு கூட்டத்தை நடக்கவும் ஆடவும் வைக்கலாம். ஈரக்காற்றில் தோல் தளரும், வெயிலிலோ நெருப்பருகிலோ காட்டினால் இறுகும். யாழ் அப்படியில்லை, தந்திகளைச் சுருதி கூட்டி, கவனித்து வாசிக்க வேண்டியது. அதனால் "வெளியே வரும் கருவி" என்று எபிரேய மாணவன் சொன்னது ஒரு வாசிப்பாளனாக எனக்கு முழுக்க உடன்பாடு.

ஆனால் பெண்கள் கருவி என்று முத்திரை குத்துவதில் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது. 1 சாமுவேல் 10:5இல் மேட்டிலிருந்து இறங்கி வரும் தீர்க்கதரிசிகள் கூட்டத்துக்கு முன்னால் நேவெல், தோஃப், குழல், கின்னோர் நாலும் வருகின்றன, அதைக் கேட்டுச் சவுலே ஆவேசம் வந்து தீர்க்கதரிசனம் சொல்கிறான். அந்தக் கூட்டத்தில் பறையடித்தது பெண் என்று எங்கே இருக்கிறது? ஆவேசத்தை வரவழைக்கிற ஒரு கருவி, இறங்கிய இடமும் மேட்டுப் பலிபீடம், அப்புறம் எருசலேம் ஆசாரியர்களுக்கு இந்த மாதிரி ஆவேசக் கூட்டங்கள்மேல் எச்சரிக்கை வந்திருக்கலாம் அல்லவா? ஆலயத்துக்குள் போகாததற்கு அதையும் ஒரு காரணமாக யோசிக்கிறேன்.

---

சங்கீத வாசகி

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு இடம் மட்டும் உதைக்கிறது. சங்கீதம் 150 "அவருடைய பரிசுத்த ஸ்தலத்தில் அவரைத் துதியுங்கள்" என்றுதான் ஆரம்பிக்கிறது, நாலாம் வசனத்தில் தோஃபும் நடனமும் வருகின்றன. 149:3இலும் வருகிறது. 81இல் அமாவாசைக்கும் பண்டிகைக்கும் எக்காளம் ஊதச் சொல்லும் இடத்துக்கு ஒரு வசனம் முன்னால் தோஃபை எடுக்கச் சொல்கிறது. ஆலயத்தில் இடமே இல்லாத கருவியை ஆலயப் பாட்டுகள் ஏன் கூப்பிடுகின்றன?

---

எபிரேய மாணவன்

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். சங்கீதம் 150 யாரிடம் பேசுகிறது என்று பாருங்கள், கடைசி வசனம் "சுவாசமுள்ள யாவும்" என்கிறது. லேவியருக்கான பணிப்பட்டியல் அல்ல அது, எக்காளத்தில் ஆரம்பித்துக் கைத்தாளம் வரை எல்லாக் கருவிகளையும் எல்லா மனிதரையும் சேர்த்துக் கூப்பிடுகிறது. லேவியர் யாழ் ஒரு பக்கம், மக்களின் பறையும் ஆட்டமும் ஒரு பக்கம்.

இதற்கு இன்னும் நல்ல சாட்சி 68ஆம் சங்கீதம். கடவுள் பரிசுத்த ஸ்தலத்துக்கு ஊர்வலமாகப் போகிறார், முன்னால் பாடகர்கள், பின்னால் வாத்தியக்காரர்கள், நடுவில் பறையடிக்கும் கன்னிகைகள் (தமிழில் 25ஆம் வசனம்). அங்கே வருவது தோஃபெஃபோத், தோஃபிலிருந்து வரும் வினை. வேதாகமத்தில் அந்த வினை இரண்டே இடத்தில்தான் இருக்கிறது. மற்றது நாகூம் 2:7, நினிவே விழும்போது அடிமைப் பெண்கள் புறாக்களைப் போல முனகி நெஞ்சில் அடித்துக்கொள்கிறார்கள், அந்த அடிக்கும் இதே வினைதான். கொண்டாட்டத்தில் தோல்மேல் விழுகிற கை, துக்கத்தில் மார்மேல் விழுகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊர்வலத்தில் பெண்கள் பறையோடு ஆலயம் நோக்கி வந்திருக்கிறார்கள். உள்ளே தினமும் நடக்கும் ஆராதனையில் மட்டும்தான் இல்லை.

தோல்கருவிக்காரர் சொன்ன ஆவேசக் காரணத்தை நான் முழுசாக ஏற்கவில்லை, ஏனென்றால் அதே கூட்டத்தில் நேவெலும் கின்னோரும்கூட இருந்தன, அவை ஆலயத்துக்குள் போய்விட்டனவே. இதைவிட, பத்துக் கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியின் இரண்டு ஊர்வலங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் தடவை அபினதாபின் வீட்டிலிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள், தாவீதும் எல்லா இஸ்ரவேலும் ஆடிப் பாடுகிறார்கள், தோஃப் இருக்கிறது (2 சாமு. 6:5, 1 நாளா. 13:8). வழியில் ஊசா பெட்டியைத் தொட்டுச் செத்துப்போகிறான், எல்லாம் நின்றுபோகிறது. இரண்டாம் தடவை நாளாகமத்தின்படி லேவியர்தான் தோளில் சுமக்கிறார்கள், லேவியர்தான் வாசிக்கிறார்கள், 15ஆம் அதிகாரத்தில் கருவிகளை மறுபடி எண்ணினால் யாழ் இரண்டும் கைத்தாளமும் பூரிகையும் எக்காளமும் இருக்கின்றன, தோஃப் மட்டும் இல்லை. எல்லா மக்களும் சேர்ந்து ஆடிய ஊர்வலம் லேவியர் கைக்கு மாறிய அந்த இடத்திலேயே பறை கழன்று விழுகிறது. நாளாகமக்காரர் தன் காலத்து ஆலய முறையை வைத்து எழுதுகிறார் என்பது பொதுவாக ஏற்கப்பட்டதுதான். அவர் கண்ணில் தோஃப் மக்களுடையது, லேவியருடையது அல்ல.

---

பழைய ஏடு

ரபிகள் என்ற யூத அறிஞர்களின் நூல்களிலிருந்து சேர்க்கிறேன், தீட்டு பற்றிய கேள்விக்கு அங்கே நல்ல பதில் இருக்கிறது.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் அராகீன் என்ற பகுதி ஆலயத்தில் எத்தனை கருவிகள் என்று கணக்குச் சொல்கிறது. நேவெல் இரண்டுக்குக் குறையக் கூடாது, ஆறுக்கு மேல் போகக் கூடாது. குழல் இரண்டிலிருந்து பன்னிரண்டு. பூரிகை குறைந்தது இரண்டு, கின்னோர் குறைந்தது ஒன்பது, கைத்தாளம் ஒன்றே ஒன்று. தோஃப் இங்கேயும் இல்லை. நாளாகமம் சொன்னது, பின்னால் திரும்பக் கட்டிய இரண்டாம் ஆலயத்தின் நினைவிலும் அப்படியே நிற்கிறது.

தோல் தீட்டு என்பது காரணமா என்றால், இல்லை. அதே மிஷ்னாவில் கின்னீம் என்ற பகுதியின் கடைசியில் ரபி யெகோஷுவா ஒரு ஆட்டுக்கடாவைப் பற்றிச் சொல்கிறார்: உயிரோடு இருக்கும்போது அதற்குக் குரல் ஒன்று, செத்த பிறகு ஏழு. கொம்பு இரண்டும் பூரிகைகள், கால் எலும்பு இரண்டும் குழல்கள், தோல் தோஃபுக்கு, பெருங்குடல் நேவெலுக்கு, சிறுகுடல் கின்னோருக்கு. ஆலயத்தில் ஒலித்த யாழின் தந்தியே ஆட்டுக்குடல் என்றால், அதே ஆட்டின் தோலைத் தீட்டு என்று எப்படிச் சொல்வார்கள்? இந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் ஒரு கருவி செய்பவரின் பட்டறைக்குள் நிற்பதுபோல் இருக்கிறது எனக்கு.

அப்புறம், ஆலயத்துக்கு வெளியே பறை எங்கே போயிற்று என்று பார்த்தால் கல்யாணத்துக்குப் போயிருக்கிறது. 1 மக்கபேயர் என்ற யூத வரலாற்று நூலின் 9ஆம் அதிகாரத்தில் மேதபா பக்கம் ஒரு கல்யாண ஊர்வலம் வருகிறது, மாப்பிள்ளை தன் தோழர்களோடு பறையும் வாத்தியங்களுமாக எதிர்கொள்ள வருகிறான். எதிர்கொள்ளல்தான், மறுபடியும் அதே வேலை. மிஷ்னாவில் சோத்தா 9:14 சொல்கிறது, ரோமத் தளபதி வெஸ்பாசியன் நடத்திய போரின்போது மாப்பிள்ளைகள் சூடும் முடியையும் ஈரூஸ் என்ற கருவியையும் தடை செய்தார்கள் என்று. ஈரூஸ் என்றால் என்ன என்று மிஷ்னாவை விளக்கும் தல்மூது கேட்டு, ஒற்றை வாய் உள்ள தபலா என்று பதில் சொல்கிறது, அதாவது ஒரு பக்கம் மட்டும் தோல் உள்ள பறை. ஆகவே சங்கீத வாசகி தேடிய தடை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது துக்கத்துக்காகக் கல்யாண வீட்டில் விழுந்த தடை. சந்தோஷத்தைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் முதலில் கை வைத்தது பறையில். ஏசாயா 24:8 தேசத்தின் அழிவைச் சொல்லும்போதும் "துப்பீமின் சந்தோஷம் ஓய்ந்தது" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

மேலே மிரியாமைப் பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பாலைவனத்தில் இந்தப் பெண்களுக்குப் பறை எங்கிருந்து வந்தது என்று பழைய உரையான மெகில்தா கேட்கிறது. அதன் பதில்: கடவுள் தங்களுக்கு அற்புதம் செய்வார் என்று அவர்கள் நம்பினார்கள், அதனால் எகிப்திலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்துக்கொண்டார்கள். மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் ஓடிய இரவில் பறையை மறக்காமல் கட்டியிருக்கிறார்கள்.

---

சங்கீத வாசகி

பெட்டியின் இரண்டு ஊர்வலங்களையும் இப்போதுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், உண்மைதான், 13இல் இருக்கிறது, 15இல் இல்லை. கடைசியாக ஒன்று: இஸ்ரவேலுக்கு வெளியே இந்தச் சொல் உண்டா? எசேக்கியேல் 28:13இல் பினீசிய நகரமான தீருவின் ராஜாவைப் பற்றிப் பேசும்போதும் தோஃப் வருகிறதே, அதையும் கணக்கில் எடுக்கலாமா?

---

மண்பாவை

சொல் அந்த வட்டாரம் முழுவதும் இருக்கிறது. சிரியக் கடற்கரையில் உகரித் என்ற நகரத்தின் களிமண் பலகைகளில் கின்னோர், குழல், தோஃப், கைத்தாளம் எல்லாம் ஒரே வரியில் வருகின்றன. அந்த நகரம் கி.மு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்துபோனது, எனவே பலகை அதற்கு முந்தியது. அரபியில் துஃப் என்பதும் இதே குடும்பம். ஆஷ்தோதில் கிடைத்த பெலிஸ்தச் சுடுமண் தாங்கி ஒன்றில் வாத்தியக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள், அவர்களில் ஒருவர் கையிலும் பறை. ஆக இது இஸ்ரவேலர் தனியாகக் கண்டுபிடித்த கருவி அல்ல, அக்கம்பக்கத்தோடு பகிர்ந்துகொண்டது.

எசேக்கியேலைக் கணக்கில் சேர்க்க நான் தயங்குவேன். வசனம் முழுக்க ரத்தினக் கற்களின் பட்டியல், அதோடு திடீரென்று பறையும் குழலும் எதற்கு? அங்கே அந்தச் சொல் கற்களைப் பதிக்கும் பொன்வேலையைக் குறிக்கிறது என்று பல ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எனவே 17இல் அந்த ஒன்றைப் பென்சிலால் எழுதி வையுங்கள், மற்ற 16ஐ மையால் எழுதலாம்.